எச்சில் பாக்கி

பல் செட் செய்யும் பட்டறையில் எல்லோரும் அவளைக் கடுகு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளும் பொடிசு, கோபம் வந்தால் படபடவென்று வெடிப்பாள். பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளை வைத்து மெழுகில் ஈறு கட்டி, பற்களை ஒவ்வொன்றாக நட்டு, வேகவைத்து, தேய்த்துப் பளபளப்பாக்குவது அவள் வேலை. ஊரில் பாதிப் பேருடைய வாயை அவளுக்குத் தெரியும். முகங்கள் தெரியாது. அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

ஒரு மதியம் நேராகவே ஒரு ஆள் வந்து நின்றார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, மூக்கைத் துளைக்கும் செண்ட். அவர் வந்ததிலிருந்து முதலாளி எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"ஏம்மா பொண்ணு, நீதான் இதைச் செஞ்சியா? இதுவா வெள்ளை? டீக்கறை புடிச்ச டம்ளர் மாதிரி இருக்கு."

கடுகு தட்டை எடுப்பதற்குள் அந்த ஆள் வாயில் விரலை விட்டு, மேல் வரிசையைக் கழற்றி, அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டார். வெதுவெதுப்பாக இருந்தது. எச்சில் நூலாக இழுபட்டு அவள் மணிக்கட்டில் ஒட்டியது.

"காது கேக்குதா? இன்னும் வெள்ளையா வேணும். அடுத்த மாசம் பொண்ணுக்குக் கல்யாணம். ஒரே பொண்ணு. போட்டோவுல பளிச்சுன்னு தெரியணும்ல?"

முதலாளி பேனாவை எடுத்துக்கொண்டு பெயர் கேட்டார். அந்த ஆள் பெயரைச் சொன்னார். ஊருக்கு நாலு பேர் வைத்துக்கொள்ளும் பெயர் இல்லை அது. பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு முறை வருகை எடுக்கும்போதும் கடுகின் பெயருக்கு முன்னால் நின்ற ஒற்றை எழுத்து, அந்தப் பெயரின் முதல் எழுத்துதான். அப்பன் என்று அவளுக்கு மிச்சமிருந்ததும் அந்த ஓர் எழுத்து மட்டும்தான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். விடைத்துக்கொண்டு நின்ற அந்தக் காதுகளைத் தினமும் கண்ணாடியில் பார்க்கிறாள்.

கை நிறைய அப்பனின் பல்லை வைத்துக்கொண்டு என்ன பேசுவது? அவர் முதலாளியிடம் ஒரு அட்டையை நீட்டி, "நம்ம மெத்தைக் கடைதான், அந்தப் பக்கம் வந்தா எட்டிப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கடுகு குழாயடியில் நின்று சோப்பு கரையும் மட்டும் கையைத் தேய்த்தாள். அப்புறம் பல்லை வெள்ளையாக மாற்றியும் கொடுத்தாள். நன்றாகவே செய்தாள். அரைகுறையாகச் செய்தால் திரும்ப வருவார் என்ற பயம்.

அந்த அட்டையை மட்டும் முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை பார்த்தாள். ரத்தமும் சீழும் பட்ட படுக்கை விரிப்புகளைப் பிரித்துப் போடும் வேலை. கடுகு முதல் வகுப்பு படிக்கும்போது அந்த ஆள் வீட்டை விட்டுப் போனார். மகளின் செலவுக்கு மாதா மாதம் பணம் தரவேண்டும் என்று கோர்ட் உத்தரவு போட்டது. சில மாதம் வந்தது. பிறகு ஆளே காணோம். நோட்டீஸ் போன இடத்திலெல்லாம் வீடு மாறிப் போய்விட்டார் என்று பதில் வந்தது. ஒரு முறை பிடிபட்டபோது வேலை இல்லை, சோற்றுக்கே வழியில்லை என்று நீதிபதி முன்னால் அழுதுவிட்டு, மறுபடி மறைந்தார். அம்மா அலைந்து அலைந்து ஓய்ந்துபோனாள். அதற்குப் பிறகு மாலையில் வீட்டு வேலைக்கும் போக ஆரம்பித்தாள்.

கடுகு அட்டையை மேஜைமேல் வைத்ததும் அம்மா அதைத் தொடவில்லை.

"இதை எதுக்குடி வீட்டுக்குள்ள கொண்டாந்த?"

"பாக்கியைக் கேக்கப் போறேன்."

"எச்சி துப்பிட்டு வந்த எடத்துல போய் என்னைக் குனியச் சொல்றியா? அவன் காசு இல்லாமத்தானே நீ வளந்த? இப்ப என்ன கொறஞ்சுபோச்சு?"

"ஒண்ணும் கொறையல. பிச்சையும் கேக்கல. ஒரே பொண்ணுன்னு சொன்னாரும்மா. என் மூஞ்சிக்கு நேரா நின்னு சொன்னாரு."

அம்மா அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். பிறகு, "எங்க கையெழுத்துப் போடணும்?" என்றாள்.

வக்கீலம்மாவின் அறை ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. பழைய உத்தரவைப் படித்துவிட்டு அவர் விளக்கினார்: "பொண்ணு பெரியவளாயிட்டதால புதுசா எதுவும் கேக்க முடியாது. ஆனா அன்னைக்குக் குடுக்காதது அன்னைக்கே பாக்கி. பொண்ணுக்கு வயசு ஏறினா அந்தக் கடன் கரைஞ்சிடாது. ரொம்ப நாளாச்சேன்னு இழுப்பாங்க. ஆளு ஒளிஞ்சுக்கிட்டு இருந்ததுக்கு நோட்டீஸெல்லாம் பத்திரமா வச்சிருக்கீங்க, சமாளிச்சிடலாம். இத்தனை வருஷமா நமக்கு இல்லாதது ஒரு விலாசந்தான்."

நோட்டீஸ் போன அந்த வாரமே அந்த ஆள் மகள் எங்கே வேலை பார்க்கிறாள் என்று விசாரித்துக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நின்றார். இந்த முறை வாயெல்லாம் பல்.

"கண்ணு, அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அன்னைக்கே எனக்குள்ள என்னமோ பண்ணுச்சு. எங்கயோ பாத்த முகமா இருக்கேன்னு வீடு வரைக்கும் யோசிச்சிக்கிட்டே போனேன்."

"காது கேக்குதான்னு கேட்டீங்க."

"அது... வியாபாரக் கவலைம்மா. உன்னை நெனைக்காத நாள் உண்டா?" கண்ணைக் கசக்கினார். உண்மையிலேயே தண்ணீர் வந்தது. அதுதான் கடுகுக்குக் குமட்டியது. குழாயைத் திறப்பதுபோல் அவரால் கண்ணீரைத் திறக்க முடிந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து அவள் கையில் திணித்தார். "இதை வச்சுக்கோ. கேஸை வாபஸ் வாங்கிடு. மாப்பிள்ளை வீட்டுக்கு உன் அம்மா விஷயமெல்லாம் தெரியாது. தெரிஞ்சா தங்கச்சி கல்யாணம் நின்னுடும். அந்தப் பாவம் உனக்கு எதுக்கு?"

தங்கச்சி! இருபது வருஷமாக இல்லாத தங்கச்சி, அவருக்குத் தேவைப்பட்டதும் பிறந்துவிட்டாள்.

கடுகு கவரைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவர் குனிந்து எடுத்து, தூசியைத் தட்டி, உள்ளே எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பதை ஜன்னல் வழியாகப் பட்டறையே பார்த்தது.

அதற்குப் பிறகுதான் அவர் தன் கைவரிசையைக் காட்டினார். ஒரு நாள் வக்கீலம்மா போன் போட்டு உடனே வரச் சொன்னார். அவருக்கே சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை.

"உங்கப்பா உன்மேல கேஸ் போட்டிருக்காரு."

"என்ன கேஸ்?"

"வயசான, நோயாளித் தகப்பன். மகள் கைநிறையச் சம்பாதிக்கிறா, ஒரு வாய் சோறு போட மாட்டேங்குறா. அதனால மாசா மாசம் நீ அவருக்கு ஜீவனாம்சம் குடுக்கணுமாம். மெத்தைக் கடை ரெண்டாவது சம்சாரம் பேர்ல இருக்காம், தனக்கு ஒண்ணும் கிடையாதாம்."

கடுகு அந்த மனுவை வாங்கிப் படித்தாள். 'பாசத்துடனும் சிரமத்துடனும் வளர்த்து ஆளாக்கிய மகள்' என்று ஒரு வரி இருந்தது. காய்ச்சலில் கிடந்தபோது அம்மா வேலைக்குப் போயிருக்க, பக்கத்து வீட்டுக்காரி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போன நாட்கள் ஞாபகம் வந்தன. அவளுக்கு அழுகை வரவில்லை. ஆறிப்போன எண்ணெய்ப் பலகாரத்தைத் தின்றதுபோல் நெஞ்சில் ஒரு எதுக்களிப்பு. அன்று இரண்டு வேளையும் சாப்பாடு இறங்கவில்லை. இந்த ஆளுடைய ரத்தம்தானே தனக்குள்ளும் ஓடுகிறது என்று நினைத்தபோது தன் கையையே தள்ளி வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அம்மாவிடம் சொன்னபோது, "நான் வர்றேன் கோர்ட்டுக்கு" என்றாள். அவ்வளவுதான். கையெழுத்தோடு சரி, வாசல் ஏறமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள்.

விசாரணை நாளன்று அந்த ஆளை இருவருக்கும் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. இஸ்திரிச் சட்டையும் செண்டும் போன இடம் தெரியவில்லை. கசங்கிய சட்டை, ஊன்றுகோல், நாலு நாள் தாடி. கன்னங்கள் உள்ளே ஒட்டிப்போய்க் கிழடாக இருந்தார். நீதிபதி ஒரு நடுத்தர வயதுப் பெண். அவரைப் பேசச் சொன்னார்.

"அம்மா, நான் ஃபெத்த பொண்ணு... ஃபோறு ஃபோடலம்மா..."

"என்ன சொல்றீங்க? சரியா பேசுங்க."

"ஃபோறு... ஒரு வாய் ஃபோறு..."

கடுகுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயில் பல் இல்லை. வயதானவராகத் தெரியவேண்டும் என்று, அவள் நட்டு, தேய்த்து, வெள்ளையாக்கிக் கொடுத்த மேல் வரிசையைக் கழற்றிவிட்டு வந்திருந்தார். பக்கத்தில் இருந்த அம்மாவின் காதில் சொன்னாள்.

அம்மா சிரித்துவிட்டாள். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டும் சிரிப்பு பீறிட்டது. கோர்ட் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"என்னம்மா சிரிப்பு?" என்று நீதிபதி அதட்டினார்.

அம்மா எழுந்தாள். "மன்னிச்சுக்கோங்கம்மா. இவர் பல்லைக் கழட்டி வச்சிட்டு வந்திருக்காரு. அதைச் செஞ்சு குடுத்ததே எம் பொண்ணுதான். பெத்த பொண்ணுன்னு தெரியாமயே அவ கையில கழட்டிக் குடுத்திருக்காரு. இப்ப அவகிட்டயே சோறு கேக்குறாரு."

நீதிபதி அந்த ஆளைப் பார்த்தார். "பல் செட் இருக்கா?"

அவர் கை கால்சட்டைப் பைமேல் போய் நின்றது.

"இருந்தா போட்டுக்கிட்டுப் பேசுங்க. நீங்க சொல்றது எழுதுறவருக்குப் புரியல."

சாப்பாட்டு வேளைக்கு வேண்டுமே, எடுத்து வராமல் இருப்பாரா? கால்சட்டைப் பையிலிருந்து கைக்குட்டைப் பொட்டலம் ஒன்று வெளியே வந்தது. அதில் ஒட்டியிருந்த நூலையும் தூசியையும் எல்லோரும் பார்க்க ஊதிவிட்டு, வாயில் மாட்டிக்கொண்டார். கன்னம் உப்பியது. ஒரே நொடியில் பத்து வயது குறைந்தது. பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். கடுகுக்குச் சிரிப்பு வரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டாள். இவரை நினைத்து ஒரு காலத்தில், பள்ளி விட்டதும் வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்திருக்கிறாள்.

அவருடைய மனு அன்றே தள்ளுபடி ஆனது. பாக்கி வழக்கு மேலும் சில வாய்தாக்களுக்கு இழுத்தது. கடை மனைவி பேரில் இருந்தாலும் வங்கிக் கணக்கு இரண்டு பேர் பேரிலும் இருந்தது தெரியவந்தபோது, தவணை முறையில் முழுவதையும் கட்டச் சொல்லி உத்தரவு வந்தது. ஒரு தவணை தவறினாலும் கணக்கு முடங்கும் என்றார்கள். இதற்கிடையே கல்யாணமும் நின்றுவிடாமல் குறித்த நாளில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் கேள்விப்பட்டு, மாமனாரை மட்டும் முன்வரிசையில் உட்காரவேண்டாம் என்று சொல்லிவிட்டதாக வக்கீலம்மா யார் மூலமோ தெரிந்துகொண்டு வந்து சொன்னார். கடுகு அதில் சந்தோஷப்பட முயன்றாள். வரவில்லை.

முதல் தவணை வந்த அன்று அந்த ஆளே போன் செய்தார். "கண்ணு, காசு வந்துச்சா? அப்பா சொன்னா சொன்ன நாள்ல போட்டுட்டேன் பாத்தியா?" குரலில் அப்படி ஒரு பெருமை. கோர்ட் கழுத்தைப் பிடித்து வாங்கியது, அவர் வாயில் அன்பளிப்பாகிவிட்டது. கடுகு இணைப்பைத் துண்டித்தாள். ஆனாலும் ஒவ்வொரு தவணைக்கும் வேறு வேறு எண்ணிலிருந்து அதே கேள்வி வந்துகொண்டுதான் இருந்தது.

"அந்தக் காசை எனக்குத் தொடவே கூசுதும்மா. யாருக்காவது குடுத்துடலாமா?" என்று கேட்டாள்.

"ஏன் குடுக்கணும்?" என்றாள் அம்மா. "உனக்கு அருவருப்பா இருந்தா நீ தொடாத. ரெண்டு பேர் செய்ய வேண்டியதை நான் ஒருத்தியா செஞ்சேன். அது என் கூலி. கூலி எவன் பையிலிருந்து வந்தா எனக்கென்ன?"

மாலையில் வீட்டு வேலைக்குப் போவதை அவள் விட்டுவிட்டாள். முதல் நாள் என்ன செய்வதென்று தெரியாமல் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். பிறகு விளக்கு வைக்கும் நேரத்தில், கட்டிலில் காலை நீட்டிப் படுத்து, வெளிச்சம் இருக்கும்போதே தூங்கிப்போனாள். கடுகு ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.