பதினான்கு பந்துகள்

கார்க்கி சட்டைப் பையில் இருந்த தாளைப் பிரித்து மேசையில் வைத்து, பறந்துவிடாமல் இருக்கக் கடுகுச் சாஸ் குப்பியை அதன் மேல் வைத்தார். தாளில் மூன்று கோடுகள். மூன்றும் காலி. அரை மணி நேரத்துக்குள் மூன்று பெயர்களை எழுதி, வேலியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் வட்டாரச் செயலாளரிடம் கொடுக்க வேண்டும். விருப்பமில்லை என்றால் வெறும் தாளாகவும் கொடுக்கலாம். கார்க்கி பேனா மூடியைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்ததைப் பார்த்தால் அவருடைய ஆசை எது என்று கேட்கத் தேவையில்லை.

சற்று முன்புதான் எங்கள் லிண்டாவ் ஊர் பேஸ்பால் அணி வட்டாரக் கோப்பையை வென்றிருந்தது. பதினேழு வருடம் கழித்து மினசோட்டாவின் மாநிலப் போட்டிக்குப் போகிறோம். மைதானத்தில் இன்னும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. சாசேஜ் வாட்டும் புகை தின்பண்டக் கடையிலிருந்து மேசைகளின் மேல் தவழ்ந்துகொண்டிருந்தது. எங்கள் மேசையில் நான்கு பேர். அணியின் மேலாளர் கார்க்கி, வாரத்தில் ஆறு நாள் பால் லாரி ஓட்டுபவர். கேட்சர் டேட் பிராண்டல், அடிப்பவனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து வருகிற பந்தையெல்லாம் பிடிப்பவன். ஓடுகிறவர்கள் தொட வேண்டிய மூலைகளான இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நின்று தரையோடு வரும் பந்துகளைப் பொறுக்குகிற வெண்டல். பிறகு நான். ஒன்பது வருடமாக அணியின் ஆட்டப் பதிவேடு என் கையில்தான் இருக்கிறது.

ஐந்தாவது ஆள் மேசைக்கு வரவில்லை. மைதானத்தின் நடுவில், பந்தெறியும் மண்மேட்டில், வாரியால் மண்ணைச் சமன்படுத்திக்கொண்டிருந்தான். என் தம்பி குர்ட். எங்கள் பிட்சர். முப்பத்தொன்பது வயது. ஆட்டம் முடிந்ததும் எறிந்தவனே மேட்டைச் சரிசெய்ய வேண்டும் என்பது லிண்டாவில் வழக்கம். வழக்கமாகப் பத்து நிமிடத்தில் முடிக்கிற வேலை. இன்று அவன் அவசரப்படவில்லை. நாங்கள் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று அவனுக்குத் தெரியும்.

அந்த மூன்று கோடுகளின் கணக்கு இதுதான். மாநிலப் போட்டி மூன்று வார இறுதிகளுக்கு நீளும். அறுநூறு பேர் வாழும் ஊரில் நன்றாக எறியத் தெரிந்தவர்கள் இரண்டு பேர், அதிகம் போனால் மூன்று பேர் இருப்பார்கள். எறிந்த தோளுக்கு நாலைந்து நாள் ஓய்வு வேண்டும். அதனால் மாநிலத்துக்குப் போகும் அணி, அதே வட்டாரத்தில் தோற்றுப்போன ஊர்களிலிருந்து மூன்று பிட்சர்களை எடுத்துக்கொள்ளலாம். விசேஷ வீட்டுக்குப் பக்கத்து வீட்டு நாற்காலிகளை இரவல் வாங்குவதுபோல. விசேஷம் முடிந்ததும் நாற்காலி திரும்பிப் போய்விடும், அடுத்த கோடையில் அதே ஆள் எதிரணியில் நின்று நம் விலாவுக்குக் குறிவைப்பான். ஏற்பாடு நல்லதுதான். அதிலுள்ள ஒரே வலி, இரவல் ஆள் முன்னால் வந்து நின்றால் சொந்த ஆள் பின்னால் போக வேண்டும் என்பது.

பதினேழு வருடத்துக்கு முன் குர்ட் அப்படித்தான் பின்னால் போனான். இருபத்திரண்டு வயது. அந்தக் கோடை முழுக்க எறிந்து ஊரை மாநிலத்துக்குக் கொண்டுபோனவன், அங்கே மூன்று ஆட்டங்களும் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இரவல் வந்த மூன்று பேர் எறிந்தார்கள். அவன் யாரையும் குறை சொல்லவில்லை. இன்று காலை தேவாலயத்தில் பூசை முடிந்து காரில் மைதானத்துக்கு வரும்போதுதான், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ஒரே ஒரு தடவ, ஜானெல். மாநிலத்துல முதல் பந்து நான் போடணும். அப்புறம் எவன் வேணா போடட்டும்."

செயின்ட் ஓடில் ஊரின் பிட்சர் பிரைஸ் ரைங்கி. தாளில் எழுதத்தக்க முதல் பெயர் அதுதான், அதை எல்லோரும் தவிர்த்தார்கள். எட்டு மைல் தொலைவு. ஜூன் மாதம் அவன் எறிந்த பந்து டேட் பிராண்டலின் விலாவில் பட்டு, டேட் இரண்டு வாரம் சிரிக்க முடியாமல் இருந்தான். அவனை எழுதினால் முதல் ஆட்டம் அவனுக்குத்தான். அப்படி ஒரு கையை வாங்கிவந்து பெஞ்சில் உட்காரவைக்கிற பைத்தியம் எந்த ஊரிலும் கிடையாது. முதல் ஆட்டத்தில் தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

ரைங்கியின் பெயரை முதலில் சொன்னவன் டேட்தான். கார்க்கி முகத்தைச் சுளித்தார். உன்னை அடித்தவனையா, என்று கேட்டார். டேட் விலாவைத் தடவிக்கொண்டான்.

"அவன் எவ்ளோ வேகம்னு இந்த மேசைல எனக்குத்தான் நல்லாத் தெரியும். எலும்போட சாட்சி. எடுங்க அவன."

கார்க்கி மசியவில்லை. நம் பையன்கள் கொண்டுவந்த கோப்பை, நம் பையன்களோடேயே போவோம் என்றார். செயின்ட் ஓடில்காரன் நம் சட்டையைப் போட்டால் நம் ஊர் மதுக்கடையில் எனக்கு ஒருத்தன் பீர் ஊற்றமாட்டான் என்றார். பிறகு என் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, கடைசிப் பக்கத்தில் நான் சிவப்பு மையில் எழுதியிருந்த எண்ணின் மேல் விரலை வைத்தார்.

"ரெண்டு புள்ளி மூணு ஒண்ணு. ரைங்கிக்கு ரெண்டு எண்பது. நம்மாளு அவனவிட நல்லா எறியிறான்னு ஜானெல் எழுதி வச்சிருக்கா. இதுக்கு மேல என்ன பேச்சு?"

அந்த எண் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, ஒரு பிட்சர் எத்தனை ஓட்டம் விட்டுக்கொடுக்கிறான் என்ற சராசரி அது. குறைவாக இருந்தால் நல்லது. ஆனால் எல்லா ஓட்டமும் அவன் கணக்கில் ஏறாது. அடித்த பந்து தரையோடு போகிறது என்று வையுங்கள். சாதாரண முயற்சியில் பிடித்திருக்கக் கூடியதை ஒருவன் விட்டுவிட்டால் அது அவனுடைய தவறு. அதனால் வரும் ஓட்டத்துக்கு பிட்சர் பொறுப்பில்லை. யாராலும் பிடித்திருக்க முடியாது என்றால் அது நல்ல அடி, ஓட்டம் பிட்சர் தலையில். சாதாரண முயற்சி எதுவரை என்று எந்த அளவுகோலும் சொல்லாது. பென்சில் வைத்திருப்பவர் பத்து விநாடியில் முடிவு செய்ய வேண்டும். லிண்டாவில் அந்தப் பென்சில் என்னுடையது. மேல்முறையீடு கிடையாது.

அப்படி நான் முடிவு செய்ய வேண்டிவந்த பந்துகளில், மே மாதத்தில் வந்த முதலாவது உண்மையிலேயே சந்தேகமானது. பந்து ஒரு கல்லில் பட்டுத் துள்ளியது. வெண்டலின் கையுறையை உரசிக்கொண்டு போயிற்று. தவறு என்று எழுதினேன். அன்று ஆட்டம் முடிந்து குர்ட் வந்து என் தோளுக்கு மேலாக எண்ணைப் பார்த்தான். அவன் முகம் நிமிர்ந்ததை நான் பார்த்தேன். அதன் பிறகு வந்த சந்தேகங்களெல்லாம் ஒரே பக்கம் சாய ஆரம்பித்தன. ஜூலையில் சந்தேகமே இல்லாதவையும் சாய்ந்தன. யாருக்கும் தீங்கில்லை என்று நினைத்தேன். மழையில் நனைகிற தம்பிக்குக் குடையைக் கொஞ்சம் நகர்த்திப் பிடிக்கிற அக்காமாதிரி. குடை நகர்ந்த பக்கத்தில் இன்னொருவன் நனைகிறான் என்பதை நான் பார்க்க விரும்பவில்லை. அவன் இப்போது என் எதிரில் உட்கார்ந்து, சாசேஜைக் கடித்துக்கொண்டிருந்தான்.

வெண்டலை ஊரில் 'சல்லடை' என்று கூப்பிட ஆரம்பித்து ஒரு மாதமாகிவிட்டது. தீவனக் கடையில்கூட. இந்தப் பருவத்தில் பதினாறு தவறுகள் என்கிறது என் பதிவேடு.

கார்க்கி வெறும் தாளை மடிக்கத் தொடங்கினார். அவர் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும், தம்பிக்கு அந்த முதல் பந்து கிடைக்கும். பதினைந்தாயிரம் பேர் உள்ள ஊர்களின் அணிகள் அங்கே இருக்கும். ஒரே ஆட்டத்தில் மூன்றாவது முறையாக அவன் பந்தை எதிர்கொள்கிறபோது அவர்கள் அதை என்ன செய்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

"அந்த நம்பர் சரியில்ல, கார்க்கி," என்றேன்.

கூட்டல் தப்பா, என்று கேட்டார். கூட்டல் சரி, கூட்டியவைதான் சரியில்லை என்றேன். பிறகு பக்கங்களைப் புரட்டி ஒவ்வொன்றாகச் சொன்னேன். பதினான்கு பந்துகள். எல்லாமே நல்ல அடிகள், நான் தவறு என்று எழுதியவை. திருத்தினால் அவன் தலையில் பதினொரு ஓட்டங்கள் கூடும். சராசரி மூன்று ஐம்பத்தெட்டு.

தின்பண்டக் கடையில் யாரோ பெயர் சொல்லிப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கார்க்கி என்னைப் பார்க்காமல் மேட்டைப் பார்த்தார். வெண்டல்தான் முதலில் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"அதுல என் பேர்ல எத்தன?"

"ஒம்பது."

"ரெண்டு கையுறை மாத்துனேன், ஜானெல். கண் டாக்டர்கிட்ட போனேன்." குரல் உயரவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. தட்டில் இருந்த மீதி ரொட்டியை இரண்டாகப் பிய்த்தான். "ஜூலைல, மழைக்கு மறுநாள், மூணாவது பேஸ் பக்கமா ஒண்ணு போச்சே. நான் பாஞ்சு விழுந்தேன். அதுவுமா?"

"அதுவும்தான்."

"அப்பாடா," என்றான் வெண்டல். ஒரு நீண்ட மூச்சு. பிறகு பாதி ரொட்டியை என் பக்கம் தள்ளினான். நான் அதை எடுத்துக்கொண்டேன், ஆனால் தின்ன முடியவில்லை.

டேட் அதற்குள் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பியிருந்தான். அந்தப் பதினான்கும் எந்தெந்த இன்னிங்ஸ் என்று விரல்வைத்து எண்ணினான். ஒன்று மட்டும் இரண்டாவது. மீதிப் பதிமூன்றும் ஐந்தாவதும் அதற்குப் பிறகும். அவன் தலையை ஆட்டினான். நாலு முடிந்ததும் பந்து கையுறையில் விழும் சத்தமே மாறிவிடும் என்றான். அது ஏன் என்று எனக்கும் தெரியும். குர்ட்டின் பலம் வேகமில்லை, வளைவு. விரல் நுனியால் பந்தைச் சுழற்றி விடுவான். அடிப்பவனுக்கு அருகே வரும்போது அது ஒரு கை அளவு இறங்கும். விரல் களைத்தால் சுழற்சி குறையும், இறக்கம் இரண்டு விரல் அளவாகிவிடும். அதே நேரம் அடிப்பவன் மூன்றாவது முறையாக அதே வளைவைப் பார்க்கிறான். ஒரு பக்கம் பந்து மந்தமாகிறது, மறுபக்கம் கண் கூர்மையாகிறது. இரண்டு கோடுகளும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடம்தான் ஐந்தாவது இன்னிங்ஸ். நான் அந்த இடத்தைத்தான் பென்சிலால் மறைத்துவைத்திருந்தேன்.

கார்க்கி பேனா மூடியைக் கழற்றினார். முதல் கோட்டில் ரைங்கி. அடுத்த இரண்டிலும் கல்லூரியில் எறிகிற இரண்டு இடது கைக்காரர்கள். மேசையிலிருந்தே ரைங்கிக்குப் போன் போட்டார். அவன் செயின்ட் ஓடிலில் ஏதோ பிறந்தநாள் வீட்டில் இருந்தான். வருகிறேன் என்று உடனே சொல்லவில்லை. கேட்சர் பிராண்டல்தானே, அவன் விலா எப்படி இருக்கிறது என்று கேட்டான்.

"கேக்கறதுக்கு ரெண்டு மாசமாடா ஆச்சு?" என்று டேட் போனைப் பார்த்துச் சொன்னான். மறுமுனையில் சிரிப்பு கேட்டது. அதுவே சம்மதம்.

நீயே போய்ச் சொல் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. பதிவேட்டை எடுத்துக்கொண்டு நான் புல்லைக் கடந்து நடந்தேன். குர்ட் வாரியை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"ரைங்கியா?"

"ஆமாடா."

"அப்ப முதல் ஆட்டம் அவனுது." அவன் கேள்வியாகக் கேட்கவில்லை. "கார்க்கி எனக்காகக் கொஞ்சம் சண்ட போடுவார்னு நெனச்சேன்."

அவர் போட்டார் என்றேன். நான்தான் நிறுத்தினேன் என்றேன். பிறகு பதினான்கையும் சொன்னேன். மேசையில் சொன்னதைவிட மோசமாகச் சொன்னேன், வரிசை குழம்பிற்று. அவன் குறுக்கிடாமல் கேட்டான். முடித்ததும் பதிவேட்டைக் கேட்டான். சிவப்பு எண்ணை ரொம்ப நேரம் பார்த்தான்.

"இந்த வருசம் நல்லா எறியிறேன்னு நெனச்சேன், ஜானெல். தோள் வலிச்சாலும், நம்பர் இப்படி இருக்குதேன்னு. கார்ல தனியாப் போறப்ப இந்த நம்பரச் சொல்லிப் பாத்துக்குவேன்."

என்னிடம் இருந்ததெல்லாம் இன்னொரு எண்தான். ஆட்டம் முடிந்ததிலிருந்து பதிவேட்டின் ஓரத்தில் நான் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. முதல் நான்கு இன்னிங்ஸ் மட்டும், பதிமூன்று ஆட்டங்களையும் சேர்த்து, ஐம்பத்திரண்டு இன்னிங்ஸ், திருத்த வேண்டியதையெல்லாம் திருத்திய பிறகு பத்து ஓட்டங்கள். ஒன்று புள்ளி ஏழு மூன்று. ரைங்கியிடம்கூட அது இல்லை. அடிப்பவர்கள் அவனை ஒரே ஒரு தடவை மட்டும் பார்த்தால், அவனை அடிக்க இந்த வட்டாரத்தில் ஆளில்லை. அந்த ஒரு தடவை ஆட்டத்தின் ஆரம்பத்தில்தான் வர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை, கடைசியிலும் வரலாம் என்று அவனிடம் சொன்னேன்.

"இது நான் தொடாத நம்பர்," என்றேன். "டேட்கிட்ட கேளு. கார்க்கிகிட்ட கேளு. என்னை நம்ப வேணாம்."

அவன் கூட்டலை உதடு அசையச் சரிபார்த்தான். இரண்டு தடவை. சின்ன வயதிலும் நான் சொல்லிக்கொடுத்த கணக்கை அவன் அப்படியே ஒப்புக்கொண்டதில்லை.

"கடைசி ரெண்டு இன்னிங்ஸ் எறியிறவன் நாள் பூரா என்ன செய்வான்?" என்றான்.

"உக்காந்திருப்பான்."

"அத நான் ஏற்கெனவே செஞ்சு பாத்துட்டேன்."

"அந்தத் தடவ உன்ன எறிய யாரும் கூப்புடல," என்றேன்.

அவன் பதிவேட்டை என்னிடம் கொடுத்தான், திருத்தி எழுதிவிடு, முதலில் வெண்டலுடையதை என்றான். வாரியை என் கையில் வைத்துவிட்டு இடது பக்க வேலியை நோக்கி நடந்தான். வேலிக்கு அப்பால், சோளக்காட்டை ஒட்டி, ஆட்டத்தின் நடுவில் இறங்கக் காத்திருப்பவர்களுக்கு ஒரு நீளப் பலகை உண்டு. இருபது வருடத்தில் அவன் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவன் எப்போதும் முதல் பந்துக்காரன்.

மேசையில் கார்க்கி எழுந்து நின்று கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குர்ட் வேலிக் கதவைத் திறந்து அந்தப் பக்கம் போனான். பலகையின் ஒரு முனையில் உட்கார்ந்தான். அங்கிருந்து மேடு சரியாகத் தெரியவில்லைபோல. எழுந்து நடுவுக்கு வந்தான், அங்கேயும் தெரியவில்லை. மூன்றாவது தடவை, வேலிக் கம்பி விலகியிருந்த மறு முனைக்கு வந்து உட்கார்ந்து, கால்களை நீட்டி, மடக்கி, மறுபடி நீட்டினான். அவனுக்குப் பின்னால் சோளம் ஆள் உயரம் நின்றது. அவன் அசையாமல் மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாரியோடு அதன் மேல் நின்றுகொண்டிருந்தேன்.