பீடத் துணியின் நாலாவது பக்கம்

ஃபிஜியில், சுவா நகரத்தை அடுத்த லாமி என்ற ஊரில், புதன்கிழமை மதியம் மாதா கோயில் ஹாலில் கூடும் பெண்கள் முதலில் எட்டுப் பேர் இருந்தார்கள். ஜூன் மாதம் முடிந்தபோது ரோஸும் லிதியாவும் மட்டும்தான் மிச்சம்.

அது இரண்டாயிரமாவது ஆண்டு. மே மாதத்தில் துப்பாக்கியோடு பாராளுமன்றத்துக்குள் புகுந்தவர்கள், அங்கே இருந்தவர்களை இன்னும் வெளியே விடவில்லை. அவர்கள் புகுந்த அன்றைக்கே சுவாவில் ஒரு கூட்டம் இறங்கி இந்தியர்களின் கடைகளை உடைத்து, கையில் கிடைத்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். சில கடைகளைக் கொளுத்தினார்கள். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒருத்தியாக ஹாலுக்கு வந்து, பாதி பின்னிய லேஸைப் பையோடு ரோஸிடம் கொடுத்துவிட்டு, பிரிஸ்பேனுக்கு, ஆக்லாந்துக்கு என்று விடைபெற்றார்கள். சொல்லிக்கொள்ளாமலே போனவர்களும் உண்டு.

ரோஸ் தமிழ் வம்சத்து இந்தியப் பெண், முப்பத்தெட்டு வயது. புருஷன் ரூபர்ட் கப்பல் பட்டறையில் வெல்டர். பட்டறையில் வேலை நின்றதும், சிட்னியில் இருக்கும் அண்ணனிடம் போய் ஏதாவது வழி பார்க்கிறேன் என்று கிளம்பிவிட்டான். வீட்டில் ஆஷ்டன், ஏப்ரல், ரினல் என்று மூன்று பிள்ளைகள். பள்ளிக்கூடம் ஒரு வாரம் திறக்கும், ஒரு வாரம் மூடும். யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்கும் வேலை, சமையல், துவையல், ஞாயிற்றுக்கிழமை பூசையில் பைபிள் வாசகம் படிப்பது, இத்தனைக்கும் நடுவில் அவளுக்கென்று இருந்தது அந்தப் புதன்கிழமை மதியம் ஒன்றுதான்.

ஹாலில் மற்றவர்கள் கொக்கி ஊசியால் குரோஷே லேஸ் பின்னுவார்கள், ரோஸ் கதை படிப்பாள். நூலகத்திலிருந்து எடுத்த இங்கிலீஷ் புத்தகம். கடினமான இடம் வந்தால் நிறுத்தி இந்தியில் சொல்லுவாள். அவள் படிக்கிற குரலுக்காகவே வருகிறேன் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அந்த வருஷம் எடுத்தது, கணவன் செத்த பிறகு ஆற்றில் படகு ஓட்டிப் பிழைக்கும் ஒருத்தியின் கதை. பாதிக்கு மேல் தாண்டவில்லை. ஊரைவிட்டுப் போனவர்கள் யாருக்கும் அந்தப் படகுக்காரி என்ன ஆனாள் என்று தெரியாது. லிதியா மட்டும் ஒவ்வொரு வாரமும் உட்கார்ந்ததும், “எங்கே விட்டோம்?” என்பாள்.

லிதியா லம்பாசா ஊரில், நசியாவில் வளர்ந்த பூர்வகுடி ஃபிஜிப் பெண்; இந்தியர்கள் வாயில் ‘காய்விட்டி’. சுற்றிலும் இந்தியர்கள் நடுவில் வளர்ந்ததால் இந்தி அவளுக்கு ரோஸைவிடச் சரளமாக வரும். இரண்டு பேருக்கும் ஒரே வயது. கலவரம் நடந்த வாரத்தில் தெரு முழுக்க ஃபிஜிப் பையன்கள் கூட்டம் கூட்டமாகச் சுற்றியபோது, லிதியா ஒரு பாயைக் கொண்டுவந்து ரோஸின் வீட்டு வாசற்படியில் விரித்து உட்கார்ந்துகொண்டாள். ஊரடங்கு நேரம் வரும்வரை அங்கேயே பின்னிக்கொண்டிருந்தாள். பையன்கள் அவளைப் பார்ப்பார்கள், தலையைக் குனிந்துகொண்டு போவார்கள். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். ரோஸ் ஒரு தடவை நன்றி சொல்லப் போனபோது, “வெயில் இங்கேதான் நல்லா வருது” என்று சொல்லிவிட்டாள்.

ஆகஸ்டில் மாதா திருநாள். அதற்குள் பூசைப் பீடத்தில் விரிக்கும் துணிக்கு நாலு பக்கமும் வெள்ளை லேஸ் பின்னி முடிப்பதாக எட்டுப் பேரும் ஃபாதரிடம் சொல்லியிருந்தார்கள். பக்கத்துக்கு இரண்டு பேர் என்று கணக்கு. இப்போது எல்லாம் இந்த இரண்டு பேர் தலையில். படித்தால் பின்ன முடியாது, பின்னினால் படிக்க முடியாது. ஆகவே ரோஸ் ஒரு அத்தியாயம் படித்துவிட்டு ஊசியை எடுப்பாள். மூன்று பக்கம் முடிந்தபோது நூல் தீர்ந்துபோனது.

நூல் எப்போதும் சுஷீலா அக்கா கடையிலிருந்துதான் வரும். சுஷீலா அக்கா கோயிலுக்கு வருகிறவர் இல்லை. அவர்கள் வீட்டில் முருகன் படம். ஆனால் கதை கேட்கப் பிடித்துப்போய், கடையை வீட்டுக்காரர் யோகேந்திராவிடம் விட்டுவிட்டு, சாமாபுலாவிலிருந்து பஸ் பிடித்துப் புதன்கிழமை தவறாமல் வந்தவர். ரோஸோடு வீட்டுத் தமிழ் பேச அந்த ஹாலில் அவர் ஒருவர்தான் இருந்தார். அந்தக் கடையைத்தான் மே மாதத்தில் அள்ளிக்கொண்டு போனார்கள். அதன்பிறகு அவர் வரவில்லை.

“நூல் இல்லாமே என்ன செய்யறது?” என்று ரோஸ் கேட்டாள்.  அடுத்த புதன்கிழமை லிதியா ஒரு பை நிறைய வெள்ளை நூல்கண்டு கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

ரோஸ் ஒன்றை எடுத்துத் திருப்பினாள். அடியில் சின்ன ஸ்டிக்கர். அதில் பச்சை மையால் விலை எழுதியிருந்தது. ஏழு என்ற எண்ணுக்கு நடுவில் ஒரு கோடு. அப்படி எழுதுகிறவர் அவளுக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான்.

“இது எங்கே வாங்கினே, லிதியா?”

“தங்கச்சி மகன் கொண்டுவந்தான்.”

“எங்கேயிருந்து?”

லிதியா ஊசியைக் கீழே வைத்தாள். “கடைத்தெருவே மூடிக் கிடக்கு. எங்கேயிருந்து கொண்டுவருவான்? வாங்கறப்பவே எனக்குத் தெரியும்.”

“சுஷீலா அக்கா கையெழுத்து இது.”

“அதுவும் தெரியும். ஸ்டிக்கரைப் பிச்சுப் போடலாம்னு பார்த்தேன். கை வரல.” பிறகு மெதுவாகச் சொன்னாள்: “மாதாவுக்குத்தானேன்னு நினைச்சேன், ரோஸ்.”

அன்றைக்குப் படிக்கவும் இல்லை, பின்னவும் இல்லை. ரோஸ் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, தையல் மிஷினுக்குப் பக்கத்தில் வைத்தாள். மகள் ஏப்ரல் ஒரு கண்டை எடுத்து விளையாடப் போனபோது அதட்டிவிட்டாள். எதற்காக அம்மா அப்படிக் கத்தினாள் என்று அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரூபர்ட் போன் செய்தான். நூல் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். கார்டில் காசு தீரப்போகிறது, முக்கியமானதைச் சொல் என்றான். பிள்ளைகள் நல்லா இருக்காங்க என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அந்த வாரமே பையை எடுத்துக்கொண்டு சாமாபுலாவுக்குப் போனாள். சுஷீலா அக்கா வீட்டில் நாற்காலி, கட்டில் எல்லாம் விற்றாகிவிட்டது. சுவரில் காலண்டர் மட்டும் தொங்கியது. ஆக்லாந்தில் இருக்கும் மகன் பிரனில் இவர்களுக்காக முன்னமே போட்டு வைத்திருந்த விசா வந்துவிட்டதாம். யோகேந்திரா பின்கட்டில் சூட்கேசைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். ரோஸைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் கயிற்றை இறுக்கினார்.

சுஷீலா அக்கா தரையில் உட்கார்ந்து பையைப் பிரித்தார். கண்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“முப்பது வருஷக் கடையிலே இது ஒன்னுதான் திரும்பி வந்திருக்கு” என்றார். “யாரு கொடுத்தா?”

வழி நெடுக பஸ்ஸில் ரோஸ் இந்தக் கேள்வியைத்தான் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். சொல்லிவிடுவது என்றுதான் முடிவு செய்திருந்தாள். ஆனால் வாயைத் திறந்தபோது வாசற்படியில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த லிதியாதான் கண்ணில் நின்றாள்.

“கோயில் வாசல்லே யாரோ வச்சிட்டுப் போயிட்டாங்க, அக்கா.”

 சுஷீலா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அப்போ ஒருத்தருக்காவது மனசு உறுத்தியிருக்கு. அது போதும் ரோஸ், எனக்கு அது போதும். இதை நான் அங்கே தூக்கிட்டுப் போய் என்ன செய்யப் போறேன்? உங்க மாதாவுக்கே போடு. நான் கொடுத்ததா இருக்கட்டும்.”

ரோஸ் பையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அக்கா கொடுத்த டீயைக் குடித்தாள். 

புதன்கிழமை ஹாலில் லிதியாவிடம் நடந்ததைச் சொன்னாள். “யாருன்னு கேட்டாங்க. நான் சொல்லல.”

“ஏன் சொல்லல?”

“உன்னை எப்படிச் சொல்றது?”

லிதியா பையைப் பார்த்தாள். “மனசு உறுத்தினவங்க வச்சதுன்னு நினைச்சுக்கிட்டு சந்தோஷமாப் போறாங்களா?”

“ஆமா.”

“அது நான் இல்லையே” என்றாள் லிதியா. எழுந்து, தன் ஊசியைக் கூந்தலில் செருகிக்கொண்டு, புத்தகத்தில் எங்கே விட்டோம் என்று கேட்காமலே வெளியே போய்விட்டாள். அடுத்த புதன்கிழமை வரவில்லை.

ரோஸ் தனியாக ஹாலைத் திறந்து, ஜன்னல்களைத் தள்ளிவிட்டு, நாலாவது பக்கத்துக்கு நூலை ஊசியில் மாட்டினாள். பத்துச் சங்கிலிக் கண்ணி போட்டாள். பிறகு இழுத்து அவிழ்த்துவிட்டாள். அக்கா கொடுத்ததுதான், உத்தரவோடு கொடுத்ததுதான். ஆனால் அந்த உத்தரவு ஒரு பொய்யின்மேல் நின்றது. நூலை மறுபடி கண்டில் சுற்றி வைத்தாள். புத்தகத்தை எடுத்து வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். காலி ஹாலில் தன் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வருவது பிடிக்கவில்லை. மனசுக்குள் படிக்க ஆரம்பித்தாள். இருட்டுவதற்குள் கதை முடிந்துவிட்டது. படகுக்காரி படகை விற்றுவிட்டு ஆற்றங்கரையிலேயே இருந்துவிடுகிறாள். யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. வீட்டுக்குப் போய் ஆஷ்டனிடம் சொன்னாள். அவன் டீவியிலிருந்து கண்ணை எடுக்காமல், “அச்சா” என்றான்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஆக்லாந்திலிருந்து போன் வந்தது. குளிர், விமானம், பேரக்குழந்தை என்று சுஷீலா அக்கா பேசிக்கொண்டே போனார். பிறகு குரல் மாறியது.

“நாங்க கிளம்பற அன்னைக்குக் காலையிலே ஒரு காய்விட்டிப் பொம்பளை வந்து வாசல் கேட்டுப் பக்கத்திலே நின்னா. நம்ம ஹால்லே மூலையிலே உட்காருவாளே, அவதான். நூலைக் கொண்டுவந்தவ நான்தான், யாரும் வாசல்லே வைக்கல, என் தங்கச்சி மகன் உங்க கடையிலேயிருந்து எடுத்தான்னு சொன்னா. மன்னிப்புக் கேட்டா.”

“நீங்க என்ன சொன்னீங்க, அக்கா?”

“நான் என்ன சொல்றது? வேன் வந்து நின்னிடுச்சு. கேட்டை மூடிட்டேன்.” பிறகு சொன்னார்: “அவ சொன்னது எனக்குப் பெருசா இல்ல, ரோஸ். கடையைத்தான் ஊரே கொண்டுபோச்சு. நீ என் வீட்டுத் தரையிலே உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துச் சொன்னியே.”

“அக்கா, அவ எங்க வீட்டு வாசல்லே...”

“தெரியும். அவளும் உனக்கு வேண்டியவதான். இருக்கட்டும்.”

“அந்த நூலை நான் தொடல, அக்கா. அப்படியே இருக்கு.”

“என்னவேணா செய்துக்கோ. எனக்குச் சொல்லாதே.”

அவர் கோபமாக வைக்கவில்லை. பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்லு என்றுதான் முடித்தார். ஆனால் அதற்குப் பிறகு போன் வரவில்லை. ரோஸ் கூப்பிட்டபோது மகன் பிரனில் எடுத்து, அம்மா தூங்குகிறாள் என்றான்.

திருநாள் அன்று பீடத் துணி மூன்று பக்கம் லேஸோடு விரிக்கப்பட்டது. லேஸ் இல்லாத பக்கத்தை ஃபாதர் தான் நிற்கும் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். சபைக்கு ஒன்றும் தெரியவில்லை. அழகாக இருக்கிறது என்று இரண்டு மூன்று பேர் ரோஸிடம் சொன்னார்கள். வாசகம் படிக்க மேடை ஏறியபோது அவள் கடைசி வரிசையைப் பார்த்தாள். லிதியா கதவோரம் நின்றிருந்தாள். ஆசீர்வாதத்துக்கு முன்னாலேயே போய்விட்டாள். திருநாள் முடிந்ததும் ரோஸ் நூல் பையை ஃபாதரிடம் கொடுத்து, நடந்ததைச் சொன்னாள். அவர் அதை அநாதைப் பிள்ளைகள் இல்லத்துக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார். மனசு லேசாகும் என்று நினைத்தாள். ஆகவில்லை.

அந்த வாரக் கடைசியில் மேட்டுக்கு ஏறி லிதியாவின் வீட்டுக்குப் போனாள். லிதியா வெளியடுப்பில் மரவள்ளிக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள். தங்கச்சி மகன் கிராமத்துக்குப் போய்விட்டானாம், எப்போது வருவான் என்று தெரியாதாம். அவள் ஒரு மணையை ரோஸ் பக்கம் நகர்த்தினாள்.

“சுஷீலா பேசினாங்களா?”

“பேசினாங்க. கேட்டை மூடிட்டேன்னு சொன்னாங்க.”

“ஆமா, மூடினாங்க” என்றாள் லிதியா. அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாள். “நான் போனதாலே உனக்கும் அவங்களுக்கும் வம்பாயிடுச்சோ?”

“நீ செய்தது சரிதான்.”

“சரின்னுதான் போனேன். இப்போ தெரியல.”

ரோஸ் மணையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். சிட்னியில் ரூபர்ட்டுக்கு வேலை கிடைத்து, முதலாளி குடும்பத்துக்கும் விசாக் காகிதம் போட்டுக் கொடுத்துவிட்டார் என்பதையும், பள்ளி வருஷம் முடிந்ததும் கிளம்ப வேண்டியிருக்கும் என்பதையும் எப்படிச் சொல்வது என்று யோசித்தாள். கடைசியில், “டிசம்பர்லே நாங்களும் போறோம்” என்று மட்டும் சொன்னாள்.

 லிதியா கிழங்கை வடித்து, ஆவி பறக்க ஒரு தட்டில் எடுத்து வைத்தாள். தேங்காய்ப் பாலைக் கிண்ணத்தில் ஊற்றித் தட்டுக்குப் பக்கத்தில் தள்ளினாள். “சூடா இருக்கறப்பவே சாப்பிடு.”

இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். துறைமுகத்துப் பக்கமிருந்து மழை ஏறி வந்துகொண்டிருந்தது. ரோஸ் எழுந்தபோது லிதியா ஒரு வாழையிலையை அறுத்துத் தலைக்குப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். மேட்டிலிருந்து இறங்கும்போது ரோஸ் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். லிதியா அடுப்பை மழைக்கு மறைப்பதற்காகத் தகரத்தை இழுத்துக்கொண்டிருந்தாள். பாரமான தகரம். போய் ஒரு கை பிடிக்கலாமா என்று ரோஸ் நின்றாள். அதற்குள் லிதியா அதைத் தனியாகவே சரித்து நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.