பின்பக்கத்துத் தண்ணீர்

தையல்காரியின் மெஷின் பின்ஜன்னலை ஒட்டி இருந்தது. மங்கல் கண்ணாடி வழியே வெளிச்சம் வந்தால் போதும், ஜன்னலைத் திறக்கமாட்டாள். கீழே சாக்கடை. தெருவே அப்படித்தான் சொன்னது. காய்கறித் தோல், மீந்த சோறு, அவளுடைய வெட்டுத்துணி எல்லாவற்றையும் பின்கதவு வழியே வீசிவிட்டு, பார்க்காமலே சாத்திக்கொள்வார்கள். சாக்கடைதானே.

அதை மூட வேண்டுமென்று தெருக்கூட்டத்தில் முதலில் கை தூக்கியவள் அவள்தான். வேலை, கொத்தனாரான அவள் கணவனுக்கே கிடைத்தது.

மூடுவதற்கான சிமென்ட் சிலாப்புகள் வந்து இறங்கிய அன்று, மேட்டுத் தெருவில் குடியிருக்கும் அக்கா துணி தைக்கக் கொடுக்க வந்தாள்.

"ஓடையை எதுக்குடி மூடுறீங்க?"

"சாக்கடைக்குப் பட்டுப்பாவாடை கட்டாதக்கா."

"எங்க வீட்டுக்குப் பின்னாடி ஓடுற அதே தண்ணிடி. சாயங்காலம் அதுல காலை விட்டுக்கிட்டுதான் நாங்க ஊர்க்கதை பேசுவோம். ஒரு பழத்தோலைப் போட்டாலும் பக்கத்து வீட்டுக்காரி சண்டைக்கு வந்துடுவா. மூக்கைப் பொத்தினது சரி, கண்ணையுமா பொத்திக்கிட்ட? திறந்து பாரு."

திறந்தாள். நாற்றம் முகத்தில் அடித்தது. குப்பைக்கு நடுவே, ஓடுகிற தண்ணீரில், சாம்பல் நிறப் பறவை ஒன்று நின்றது. சட்டென்று குனிந்தது. நிமிர்ந்தபோது அலகில் ஒரு மீன் துடித்தது.

இத்தனை வருஷமும் இந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மீன் இருந்திருக்கிறது.

மூட வேண்டாம் என்றாள் கணவனிடம்.

"நாத்தம் நாத்தம்னு என் காதைத் தின்னது யாரு? தெருவுல கேளு. அவங்க வேணாம்னா நான் நிறுத்திடுறேன்."

வீடு வீடாகப் போனாள். முதலில் மளிகைக்கடைக்காரர்.

"ஓடையை மூட வேண்டாம்ண்ணே."

"எந்த ஓடை?" உண்மையாகவே கேட்டார்.

"நம்ம பின்னாடி ஓடுதே..."

அவருக்குப் பிடிபடவில்லை. வேறு வழியில்லாமல் சொன்னாள்: "சாக்கடை."

"அட, அதுவா! அதைத்தான் மூடப் போறாங்களேம்மா. இனி உனக்கு என்ன கவலை?"

எதிர்வீட்டிலும் இதே கதைதான். அடுத்த வீட்டில், ஓடை என்று ஆரம்பிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

கடைசிச் சிலாப்பு அவள் ஜன்னலுக்கு நேரே விழுந்தது. கணவன் கீழிருந்து குரல் கொடுத்தான்.

"இனிமே தைரியமா ஜன்னலைத் திற!"

திறந்தாள். பூசிய சிமென்ட் இன்னும் காயவில்லை. அந்தப் பறவை அதன்மேல் நின்று காலடியையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு குனிந்து ஒருமுறை கொத்தியது.