கால்மாட்டில் வைக்காத துண்டுகள்

பெட்டியின் அடியில் கிடந்த பழைய டி-ஷர்ட்டுகளை ஜொஹரா பேகம் கணவருக்குத் தெரியாமல்தான் வெட்டினாள். நௌஷாத் சவூதியில் ஸ்டோர் சூப்பர்வைசராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். கம்பெனி கொடுத்த சட்டைகள் வீணாகக் கிடப்பானேன்? சதுரம் சதுரமாக வெட்டி இணைத்து, அடியில் பழைய பூப்போட்ட சேலையைக் கொடுத்து, பெரிய போர்வையாகத் தைத்துவிட்டாள்.

சட்டைகளின் முதுகில் அரபியில் இரண்டு வரி இருந்தது. மதரஸாவில் ஓதிப் படித்தவள், கூட்டி வாசித்துவிட்டாள். அர்த்தம்தான் தெரியாது. அரபி எழுத்தில் கால் படலாமா? அந்தத் துண்டுகளையெல்லாம் தலைமாட்டில் வரிசையாக வைத்தாள்.

மகள் ஹிபாவைப் பெண் பார்க்கத் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஆட்கள் வந்த அன்று, முன்னறைக் கட்டிலில் அதை விரித்தாள். மாப்பிள்ளையின் வாப்பா மைதீன் கனியும் பழைய சவூதிக்காரர். பார்க்கட்டுமே என்றுதான்.

பஸ் நிறுத்தத்திலிருந்து அவர்களை அழைத்து வந்த நௌஷாத், கட்டிலைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார். உட்காரப் போன மைதீன் கனி, எழுத்தைப் பார்த்துப் பதறி எழுந்தார். குனிந்து வாசித்தார்.

“ஓதுற வசனம் ஒண்ணும் இல்ல. மேல இருக்கலாம்.”

அதோடு விட்டிருக்கலாம். ஜொஹராவுக்குப் பெருமை அடங்கவில்லை. “பின்ன என்னவாக்கும் மைதீன் காக்கா எழுதியிருக்கு?”

மைதீன் கனி சட்டென்று தேங்காய் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நௌஷாத்தான் இடைமறித்தார்.

“துப்புரவுப் பிரிவுன்னு எழுதியிருக்கு. நான் அங்க கக்கூஸ் கழுவுனேன்.”

சூப்பர்வைசர் பெண்டாட்டி என்று ஜொஹரா எத்தனை கல்யாண வீடுகளில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். யோசிப்பதற்குள் அவள் கை போர்வையைப் புரட்டிப் போட்டுவிட்டது. எழுத்து அடியில் போய், சேலைப் பூக்கள் மேலே வந்தன. நௌஷாத் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மைதீன் கனி பூக்களின் மேல் உட்கார்ந்தார். பெண்ணை வரச் சொன்னார். அவருக்கும் மனைவிக்கும் ஹிபாவைப் பிடித்துப்போயிற்று. நிக்காஹுக்கு மாதம்கூடக் குறித்துவிட்டுத்தான் கிளம்பினார்கள்.

அவர்கள் போனதும் ஜொஹரா கேட்டாள், “எனக்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?”

நௌஷாத்திடம் கோபம் இல்லை.

“சொல்லியிருந்தா, இத தைச்சிருப்பியா ஜொஹரா?”

தைத்திருப்பேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். கட்டிலில் சேலைப் பூக்கள் இன்னும் மேலேயே இருந்தன.