ராங் சைடில் வந்த சைக்கிள்

கார்காரன் என்றாலே எனக்கு ஆகாது. சிவப்பு விழுந்த பிறகும் பாய்வான். மழைத் தண்ணீரை மேலே வாரி இறைப்பான். திரும்பிப் பார்க்காமல் கதவைத் திறப்பான். பல்லாவரம் தோல் ஷெட்டில் டீ குடிக்கும்போதெல்லாம் இதை ஒப்பிப்பேன். சம்பத் ஆரம்பித்துவிட்டான் என்று சிரிப்பார்கள்.

நாங்கள் மட்டும் யோக்கியமா? ஜி.எஸ்.டி. ரோட்டில் முறையாகத் திரும்ப ஒரு கிலோமீட்டர் போக வேண்டும். அதனால் ஷெட் ஆட்கள் அத்தனை பேரும் ராங் சைடில்தான் மிதிப்போம். மிதிக்கிறவனுக்கு எதற்குச் சட்டம் என்று நானே கேட்டிருக்கிறேன்.

2005-இல் ஒரு வெள்ளிக்கிழமை காலை, சந்தைக் கூட்டம். ஷெட்டில் வேலைச் சங்கு ஊதிவிடுமே என்ற அவசரத்தில், நின்றிருந்த பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு ராங் சைடில் வெளியே வந்தேன். நேர் எதிரே ஒரு வாடகைக் கார். டிரைவர் ஸ்டீயரிங்கை ஒடித்தான். கார் மீடியனில் ஏறி நின்றது. நான் சரிந்து விழுந்ததில் முட்டி சிராய்ந்தது. சைக்கிளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

உயிர் போயிருக்குமே என்ற பயம் அப்படியே கோபமாகிவிட்டது. கதவைத் திறந்து அவனை ஓங்கி அறைந்தேன். அதற்குத்தான் கூட்டம் காத்திருந்தது.

நம்மூரில் பெரிய வண்டிக்காரனுக்குத்தான் முதல் அடி, விசாரணை எல்லாம் அப்புறம். இழுத்துப் போட்டு மிதித்தார்கள். வாயில் ஒரு செருப்புக்கால் இறங்கியது. பல் ஒன்று தெறித்துத் தார் ரோட்டில் விழுந்ததைப் பார்த்தேன்.

"வுடுங்கப்பா, தப்பு என்னுது. நான்தான் ராங்ல வந்தேன்" என்று கத்தினேன்.

"நீ பயப்படாதண்ணா. சைக்கிள் மேல இன்னா தப்பு கீது?" என்றான் பனியன் போட்ட ஒருவன். சொன்ன கையோடு என் சைக்கிளையே தலைக்கு மேல் தூக்கி டிரைவரின் கை மேல் போட்டான். மறுபடி தூக்கிப் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் டிரைவர் மேல் விழுந்து படுத்துக்கொண்டேன். என் முதுகிலும் நாலு மிதி விழுந்தது. அது எனக்கு வேண்டியதுதான்.

ஸ்டேஷனில் ஏட்டு என் சைக்கிளைச் சுற்றிப் பார்த்தார். முன் சக்கரம் எட்டாக வளைந்திருந்தது. கார் மோதி வளைந்ததாக எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டால் டிரைவர் மேல் கேஸ், லைசென்ஸ் போகும். போடாவிட்டால் கை வைத்ததற்கு என் மேல் கேஸ். வாசலில் நின்ற ஷெட் ஆட்கள் போட்டுவிட்டு வாடா என்று ஜாடை காட்டினார்கள். பெஞ்சில் டிரைவர் இருந்தான். பெயர் சிட்டிபாபுவாம். துண்டில் சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு, பேச முடியாத வாயோடு என்னையே பார்த்தான். எனக்கு வெட்கமாக இருந்தது.

பேனாவைக் கீழே வைத்தேன்.

"கார் மோதி வளையல சார். இவர் கை மேல போட்டு வளைஞ்சது. மொத அடி என்னுது. எழுதிக்குங்க."