சேனாதிபதியின் குழாய் பம்பர்

சீனாக்காரனோடு சண்டை வந்ததற்கு முந்தின வருஷம், என் அக்காள் புருஷன் சேனாதிபதிக்கு மலைவாழை விற்பனைச் சங்கத்தின் தலைவராக வேண்டும் என்ற ஆசை வந்தது. எங்கள் பண்ணைக்காட்டில் அது சின்ன ஆசை இல்லை. தலைவர் பரமானந்தம் பத்துப் பன்னிரண்டு வருஷமாக அந்த நாற்காலியில் இருந்தார். எதிர்த்து ஒருவரும் நின்றதில்லை. ஆள் கெட்டவராக இருந்தால் எப்போதோ இறக்கியிருப்பார்கள். நல்ல மனிதராக இருந்து எங்கள் கழுத்தை அறுத்தார்.

மாமாவின் ஆசைக்குக் காரணம் இருந்தது. அவருடைய அப்பா அந்தச் சங்கத்துக் கிட்டங்கியில் வாழைத்தார் சுமந்தவர். கூட்டம் நடந்தால் வாசலுக்கு வெளியே நின்றுதான் கேட்க வேண்டும். உள்ளே வந்து உட்கார் என்று ஒருவர் வாயும் சொன்னதில்லை. மகன் தலையெடுத்து, சொந்தமாக வாழையும் காப்பியும் வைத்து, உறுப்பினராகவும் ஆகிவிட்டார்.

"எங்கப்பன் வெளிய நின்ன எடத்துல, நான் உள்ள தலைவர் நாக்காலில ஒரு வருஷம் உக்காந்து எந்திரிச்சாப் போதும் மாப்ளே. வேற ஒண்ணும் வேணாம்" என்பார். அவரைக் கேலி பண்ணுவதையே சோலியாக வைத்திருந்த எனக்கும் அதைக் கேட்டால் கேலி வராது.

தலைவராகப் போகிறவருக்கு வண்டி வேண்டாமா? பட்டாளத்து ஏலத்தில் ஒரு ஜீப் எடுத்தார். பச்சை பெயிண்ட் அடித்து, வாரத்துக்கு இரண்டு தரம் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தார். மூன்றாம் மாதம் அதன் முன்பக்கம் நசுங்கியது. காட்டுமாடு முட்டியதாக ஊரெல்லாம் சொன்னார். கூட உட்கார்ந்திருந்தவன் நான். முட்டியது முருகம்மாள் வீட்டு எருமை. அதுவும் முட்டவில்லை, சும்மா நின்றுகொண்டிருந்தது.

அதன் பிறகுதான் குழாய் பம்பர் யோசனை. வண்டியோடு வந்த தகடு போதாதாம். பெருமாள்மலையில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த மலைச்சாமியிடம் போனோம்.

"கனமான தண்ணிக்குழாயில செய்யணும். எது வந்து மோதினாலும் வண்டியில ஒரு கீறல் விழக் கூடாது" என்றார் மாமா.

மலைச்சாமி ஜீப்பைச் சுற்றி வந்து பார்த்தான். குழாய்க்குள் காய்ந்த மணலை நிரப்பி, இரண்டு முனையிலும் மரக்கட்டை அடைத்து, நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, வாசலில் நின்ற யூகலிப்டஸ் அடிமரத்தில் கொடுத்து வளைத்தான். மணல் இல்லாமல் வளைத்தால் குழாய் சப்பிப்போகும் என்றான். குறுக்கே இரண்டு குழாய், நெடுக்கே இரண்டு. எல்லாவற்றையும் சேஸிஸோடு சேர்த்து போல்ட் போட்டு முறுக்கினான். வண்டியைக் கிளப்ப ஹேண்டில் போட்டுச் சுற்றுகிற துளை மட்டும் மறையாமல் நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேன்.

மாமாவுக்கு அது போதவில்லை. இரும்பு இரும்போடு உரசினால் பெயிண்ட் போய்விடுமே. பழைய லாரி டயரை அறுத்து, நெடுக்குக் குழாய் இரண்டிலும் பட்டை பட்டையாகக் கட்டச் சொன்னார்.

கட்டிவிட்டு மலைச்சாமி தள்ளி நின்று பார்த்தான். "அண்ணே, இது மோதலுக்குச் செஞ்ச மாதிரி இல்ல. அடுத்த வண்டியத் தள்ளுறதுக்குன்னே செஞ்ச மாதிரில்ல இருக்கு."

"எவன் வண்டிய நான் தள்ளப்போறேன்?" என்றார் மாமா.

எவன் வண்டியைத் தள்ளவில்லை என்று கேட்டிருக்க வேண்டும். மலைப்பாதையில் நின்றுபோன வண்டியை அப்படியே விட்டுவிட்டுப் போகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. பின்னால் வருகிறவன் இறங்கித் தோள் கொடுப்பான். தோளுக்குப் பதில் ரப்பர் கட்டிய பம்பரோடு ஒருவன் வந்தால் யார்தான் விடுவார்கள்? குளிரில் கிளம்பாத பஸ், கேரட் ஏற்றிய லாரி, பாதிரியார் வேன், எல்லாவற்றையும் தள்ளினோம். காலையில் எங்கள் வீட்டு வாசலில் பால்காரனுக்கு முன்னால் ஒரு டிரைவர் நிற்பான். "அண்ணே, ஒரு தள்ளு."

கீறல் விழாமல் காப்பாற்றத்தான் அந்தப் பம்பர். ஊரில் உள்ள வண்டிகளின் பின்புறத்திலேயே எங்கள் ஜீப் குடியிருந்தது. எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

மாமா வேறு கணக்குப் போட்டார். "தள்ளுற ஒவ்வொரு வண்டியிலயும் சங்கத்து மெம்பர் ஒருத்தனாவது இருக்கான்ல மாப்ளே. எல்லாம் ஓட்டு."

"நீங்க நிக்கிறதே அவனுகளுக்குத் தெரியாதே மாமா."

"தெரியக் கூடாது. தெரிஞ்சா பரமானந்தம் முந்திக்கிருவாரு. கடைசி நாளு, கடைசி நேரத்துல மனுவக் குடுத்துட்டு வந்துருவோம். அப்பறம் பாரு."

ராஜதந்திரமாம். அவர் தேர்தலில் நிற்கிற விஷயம் அவருக்கும் எனக்கும் அக்காள் சண்முகவள்ளிக்கும் மட்டும்தான் தெரியும். நானும் அக்காளும்கூட உறுப்பினர்கள்தான். முன்மொழிந்து நானும் வழிமொழிந்து அக்காளும் வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டோம். மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கொடைக்கானலில் தேர்தல் அதிகாரியிடம் பகல் பன்னிரண்டுக்குள் கொடுக்க வேண்டும்.

கடைசி நாளன்று வெள்ளனவே கிளம்பினோம். ஊத்துப் பக்கம் ஒரு உருளைக்கிழங்கு லாரியைத் தள்ளினோம். பெருமாள்மலை தாண்டி இரண்டு வளைவு ஏறியதும் பாதை நடுவில் ஒரு பிளஷர் கார் நின்றுகொண்டிருந்தது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். ஆடு நுழையக்கூட இடமில்லை. காருக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டியோடு நின்றவர் பரமானந்தம்.

"கடவுளாப் பாத்து அனுப்பிச்சாரு" என்றார். "மனுக் குடுக்கக் கடைசி நாளு. கையெழுத்துப் போடக் கூட்டியாந்த ரெண்டு பேரும் மெக்கானிக்கத் தேடிக் கீழ போயிட்டானுக. வெரசாத் தள்ளுங்க சேனாதிபதி."

மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "அகலமா இருக்குற எடம் வரைக்கும் தள்ளி ஒதுக்கிட்டுப் போயிருவோம்" என்று அவர் காதில் சொன்னேன். தலையாட்டினார். அதற்குள் பின்னால் வத்தலக்குண்டு பஸ் வந்து நின்றது. உள்ளே பாதிப்பேர் சங்கத்து உறுப்பினர்கள். ஜன்னலுக்கு ஒரு தலை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பரமானந்தம் காரில் ஏறி ஸ்டியரிங் பிடிக்க, மாமா ஜீப்பைக் கீழ் கியரில் போட்டு, ரப்பரைக் காரின் முதுகில் பதித்துத் தள்ளினார். நீர்வீழ்ச்சிப் பக்கம் பாதை அகலமான இடம் வந்தது. மாமா வேகத்தைக் குறைத்தார். முன்னால் காரின் ஜன்னலிலிருந்து பரமானந்தத்தின் கை வெளியே வந்தது. போ, போ என்று ஆட்டியது, தன் சொந்த டிரைவருக்கு ஆட்டுகிற மாதிரி. பஸ்ஸிலிருந்து ஒரு குரல், "அப்பிடியே ஊருக்குள்ள கொண்டாந்து விட்ருங்கண்ணே." பத்துப் பேர் கை தட்டினார்கள்.

மாமா அகலமான இடத்தைத் தாண்டிப் போனார்.

"என்ன மாமா?"

"இத்தன பேரு பாக்குறாக. நடுவழியில விட்டுட்டுப் போனான்னு ஆயிரும்ல. அவரும் மனுக் குடுக்கட்டும், நானும் குடுக்கிறேன். நேருக்கு நேரா நிப்போம்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கீழே குதித்து நடந்தே வீட்டுக்குப் போயிருப்பேன். ரேடியேட்டரில் ஆவி கிளம்ப, எதிராளியை அவன் மனுவோடு சேர்த்து அலுவலக வாசலில் கொண்டுபோய் இறக்கினோம். பன்னிரண்டாக இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. பஸ்ஸும் வந்து நிற்க, உறுப்பினர்கள் எங்களோடு உள்ளே நுழைந்தார்கள்.

பரமானந்தம் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "எனக்கு ஆகாதவுக இந்த மலையில யாரும் இருப்பாகளோன்னு நெனச்சதுண்டு. இன்னைக்கு அது தீந்துபோச்சு." அவர் கண் கலங்கியிருந்தது. பிறகு மனுவை மேஜைமேல் வைத்தார். "நான் கூட்டியாந்த ஆளுக இனி வந்து சேர மாட்டானுக. நீங்களே முன்மொழிஞ்சிருங்க சேனாதிபதி. இம்புட்டுத் தூரம் கொண்டாந்தவுக நீங்கதானே."

தேர்தல் அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முன்மொழிகிறவர் தாமே போட்டியிடக் கூடாது. அப்படி ஏதும் எண்ணம் உண்டா?" என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார்.

கூட்டம் சிரித்தது. மாமாவின் கை சட்டைப் பைக்குப் போனது. எடுத்துவிட்டார், சொல்லிவிடப்போகிறார் என்று எட்டிப் பார்த்தேன். ஆயுளில் ஒரு தடவை அந்த மனிதர் சபையில் வாய் திறக்கட்டும் என்று பழனியாண்டவரை வேண்டினேன். மடித்த மனு இரண்டு விரலுக்கு வெளியே தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் செருகியிருந்த பேனாவை எடுத்தார். மனு உள்ளே போய்விட்டது.

குனிந்து கையெழுத்துப் போட்டார். அப்பா பேரையும் சேர்த்து, நிறுத்தி, அழகாகப் போட்டார். நிமிர்ந்தபோது என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. இந்த மனிதருக்கு முதுகெலும்புக்குப் பதில் என்னதான் வைத்துப் படைத்தான் என்று மனதுக்குள் திட்டினேன். நானாக இருந்தால் மேஜையில் அடித்துச் சொல்லியிருப்பேன்.

"வழிமொழிய இன்னொருவர் வேண்டும்" என்றார் அதிகாரி.

"அதான் நம்ம செல்லப்பாண்டி இருக்காப்லயே" என்றார் பரமானந்தம். "வாங்க தம்பி."

கூட்டம் விலகி எனக்கு வழிவிட்டது. எல்லா முகங்களும் என்னைப் பார்த்துச் சிரித்தன. மாமா பேனாவை என் பக்கம் நீட்டினார். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"எந்த எடத்துல போடணும்ங்கய்யா?" என்று கேட்டேன்.