படம் நேராக இருந்தது

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. எழுதுவதற்கு முன்பே அதை அம்மாவிடம் வாயால் சொல்லிவிட்டேன்.

தனியாக ஊர் சுற்றப் போன அக்கா, ஓர் ஏரிக்கரை லாட்ஜில் தூக்கத்திலேயே இறந்துபோனாள். மாரடைப்பு. மூன்று வாரம் கழித்து, அவள் போனில் இருந்த கடைசிப் படத்தைப் பார்த்தபடி அம்மா கேட்டாள்.

“கூட யாராவது இருந்தாங்களாடி?”

“இருந்தாங்கம்மா.”

“யாரு?”

அந்த ‘யாரு’வை இப்போது நான் உண்டாக்கியாக வேண்டும். இரண்டு சிறுகதைத் தொகுப்பு போட்டவள், ஒரே ஓர் ஆள்தானே என்று நினைத்தேன்.

2

ஏரியிலிருந்து குளிர்காற்று வீசிக்கொண்டிருந்த அந்த மாலையில், அக்கா தன்

(நிறுத்திவிட்டேன். காற்று வீசியதா என்று எனக்குத் தெரியாது.)

அவளிடம் ஒரு டிரைபாட் இருந்தது. இது தெரியும். இங்கிருந்து போகலாம்.

கைக்கு அடக்கமானது. மணி கோத்தது போல மூட்டு மூட்டாக வளையும் மூன்று கால்கள். ஜன்னல் கம்பி, மரக்கிளை, நாற்காலி முதுகு, எதில் வேண்டுமானாலும் சுற்றிவிடலாம். மேலே போனைப் பிடித்துக்கொள்ள ஒரு கவ்வி. பத்து நொடி டைமரை வைத்துவிட்டு ஓடிப்போய் நிற்பாள். (அகராதி இதை முக்காலி என்கிறது. முக்காலி என்று எழுதினால் அக்காவை அதன்மேல் உட்காரவைத்துவிடுவீர்கள்.)

அக்காவுக்கு எக்ஸ்ரே எடுக்கும் வேலை. “மூச்சை இழுத்துப் பிடிங்க, ஆடாதீங்க” என்று சொல்லிவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் போய்ப் பட்டனை அழுத்துவாள். விவாகரத்துக்குப் பிறகுதான் டிரைபாடும் வாங்கினாள், லீவும் போட ஆரம்பித்தாள். வீட்டு வாட்ஸ்அப் குழுவுக்கு ஊர் ஊராகப் படம் வரும்.

“போட்டோ யாருடி எடுத்தது?” அம்மா அவளுக்குப் போன் போட்டுக் கேட்டாள்.

“மாப்பிள்ளை.”

“என்னடி சொல்றே!”

“மூணு காலும்மா. எப்படி வளைச்சாலும் வளைவாரு. எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டாரு. நீங்க பாத்து வச்சவருக்கு இவரு எவ்வளவோ மேல்.”

அம்மா மூன்று நாள் அவளோடு பேசவில்லை. என்னிடம் மட்டும், “டிரைபாடாம் டிரைபாட். யார் காதுல பூ சுத்தறா?” என்றாள்.

நானும் நம்பவில்லை. இந்த ஒரு வரிக்கு வந்து சேர எனக்கு இத்தனை பத்தி தேவைப்பட்டிருக்கிறது.

3

நாளாக ஆக, ஒரு காலில் மூட்டு லூசாகிவிட்டது. அந்தப் பத்து நொடிக்குள் மெதுவாகச் சரியும். கோபுரம், கடல், ரயில் நிலையம், எல்லாமே இடப்பக்கம் சாய்ந்திருக்கும்.

“என்னக்கா, எப்பப் பாத்தாலும் மேட்டுலயே நிக்கிறே?”

“மாப்பிள்ளைக்கு முட்டி வலிடி.”

கடைசிப் படத்தில் அவள் ஏரிக்கரைக் கம்பி வேலியில் சாய்ந்து நிற்கிறாள். மழைக்கோட். வாய் கொள்ளாத சிரிப்பு. பின்னால் தண்ணீரின் விளிம்பு நூல் பிடித்தாற்போல் நேராக ஓடுகிறது. அதைக் கவனித்தவள் நான்தான். “நேரா இருக்கே. உண்மையைச் சொல்லு, யார் எடுத்தது?” என்று அனுப்பினேன்.

படித்தாள். பதில் இல்லை. மறுநாள் காலை லாட்ஜ் மேனேஜர் கூப்பிட்டார்.

4

முதலில் ஓர் ஆண்பிள்ளையை எழுதிப் பார்த்தேன். நரைத்த தாடி, மெல்லிய குரல். கோடு போட்டு அடித்துவிட்டேன். அக்கா படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

பிறகு, படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் பெண். லாட்ஜில் விசாரித்ததாகச் சொல்லி, அவளை அம்மாவிடம் கொண்டுபோனேன்.

“என்ன வயசிருக்கும்?”

“உன்னைவிடக் கொஞ்சம் கம்மி. அவங்கதான் போனை வாங்கி எடுத்திருக்காங்க.”

“சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பாளா?”

“கேட்டாங்களாம்.”

“இவ என்ன சொன்னாளாம்?”

இதற்கு நான் தயாராக வரவில்லை. “சாப்பிட்டேன்னு சொன்னாளாம்.”

“பொய்,” என்றாள் அம்மா. “ஊர் சுத்தப் போனா வேளைக்குத் திங்க மாட்டா.” சொல்லிவிட்டு வெகுநேரம் அழுதாள்.

(பாத்திரம் உயிர் பெற்று நடமாட ஆரம்பித்துவிட்டது என்று எழுதுகிறவர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. நான் அன்றைக்கு ஒரு வரிகூட எழுதவில்லை.)

5

இந்தப் பகுதியை இரண்டு முறை அழித்தேன்.

நேற்று அக்காவின் பையில், பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தேன். உள்ளே டிரைபாட். லூசான மூட்டின் மேல் பழுப்பு நிற ஹேர்பேண்ட் நான்கு சுற்று சுற்றியிருந்தது. அதில் இரண்டு முடி. ஒன்று வெள்ளை.

ஜன்னல் கம்பியில் அதைச் சுற்றி, என் போனை மாட்டி, பத்து நொடி வைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றேன். ஆடாமல் நின்றேன்.

படம் நேராக இருந்தது.

தானே சரிசெய்திருக்கிறாள். சரியாகிவிட்டது என்று காட்டத்தான் அனுப்பியிருக்கிறாள். அந்தச் சிரிப்பு

அதற்கு நான் கேட்டது அந்தக் கேள்வி.

6

முடிவு ஒன்று: ஹேர்பேண்டை அம்மாவிடம் காட்டுகிறேன். அம்மா அதைக் கையில் வாங்கி

முடிவு இரண்டு: அந்த டிக்கெட் பெண்ணிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது. கையெழுத்து என்னுடையது போல இல்லாமல்

இரண்டுமே என்னால் முடியவில்லை. இன்று காலையில் அம்மா சொன்னாள்: “அந்த டிக்கெட் அம்மா நம்பரை வாங்கிக் குடுடி. ஒரு வார்த்தை பேசணும். கடைசியா அவளைச் சிரிக்க வச்ச மனுஷி.”

“பாக்கறேம்மா.”

அறைக்கு வந்து ஹேர்பேண்டைக் கழற்றினேன். டிரைபாடின் கால் உடனே சரிந்தது. பேண்டை மேசை டிராயரில் போட்டேன். அது டிராயரில் கிடக்கும்வரை ஏரிக்கரையில் ஒருத்தி நிற்கிறாள், சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். எடுத்து மாட்டினால் அக்காவும் மழைக்கோட்டும் மட்டும்தான்.

டிராயரை நான் பூட்டவில்லை.

அடுத்த அறையில் அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். “நம்பர் கிடைச்சுதா?” என்று குரல் கொடுக்கிறாள். இரண்டாவது முறை. நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவும் தெரிந்த இன்னொரு ஆள் நீங்கள்தான். அம்மாவிடம் நீங்கள் போங்கள்.